இலை காய, காம்பு ஊற

லாரி வந்து நின்றது புரட்டாசிக் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. எழுபத்து மூன்றாம் வருஷம். அதற்குள் இரண்டு மழை பெய்து உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் தேங்கிவிட்டது. அள்ளிய உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடியாகிவிட்டது. இனித் தை பிறந்த பிறகுதான் பாத்தியில் கால் வைக்க முடியும். அந்த மழை மாதங்களில் உப்பளத்துப் பெண்களில் இருபத்திரண்டு பேருக்கு வேலை கிடைத்தது மரக்காணத்தில் ஒரே இடத்தில்தான். பக்தவச்சலத்தின் புகையிலைக் கொட்டகை.

திண்டிவனம் ரோட்டை ஒட்டி, உப்பளத்து ஓரமாக இருந்தது கொட்டகை. புகையிலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதற்கு உப்புத் தண்ணீர் தெளித்துப் பதம் போட்டு வைப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாக எடுத்து, நுனியைக் கிள்ளி, நடுக்காம்பை ஒரே இழுப்பில் உருவி எறிய வேண்டும். காம்பு போன இலை மெட்ராஸில் ஒரு மூக்குப்பொடிக் கம்பெனிக்குப் போகும். நாள் முழுக்க நெடி. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வாந்தி எடுப்பார்கள். பிறகு அதுவும் பழகிவிடும். விரலில் ஏறிய பழுப்பு மட்டும் எந்தச் சோப்புக்கும் போகாது.

சாமுண்டீஸ்வரி அங்கே ஆறு வருஷமாகக் காம்பு எடுத்து வந்தாள். எல்லோருக்கும் அவள் சாமுண்டி. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே நாத்தனார் வேலம்மாள் அவளை அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மகள் பிறந்தபோது அந்தக் குழந்தை தாயின் கை வாசனை தாங்காமல் மார்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாமுண்டி புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஆனாலும் இருபத்திரண்டு பேரில் அவள் கைதான் வேகம். இலையைப் பார்க்காமலே எடுப்பாள். தொட்டதும் விரலுக்குத் தெரிந்துவிடும், இது இழுபடுமா, ஒடியுமா என்று.

லாரியிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து இறக்கிய இரும்பைப் பார்த்ததும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். மேஜை உயரம். முன்னால் கரும்புச் சாறு பிழியும் மெஷினில் இருப்பதுபோல இரண்டு ரப்பர் உருளைகள். அதற்குப் பின்னால் ஒரு விரல்கடை இடைவெளியில் வட்டமான இரண்டு பிளேடுகள். கீழே தகரத் தட்டு. பக்கத்தில் ஒரு மோட்டார்.

"இன்னா மொதலாளி இது?" என்று கேட்டாள் பொன்னம்மாள். அவள்தான் அங்கே மூத்தவள்.

பக்தவச்சலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காம்பு எடுக்கற மெஷின்மா. ஆந்திராவுல ஓடிக்கிட்டிருந்தது. கம்பெனிக்காரன் மாசத்துக்கு இப்ப அனுப்பறதுபோல மூணு பங்கு கேக்கறான். கையால எடுத்தா ஆவுமா?"

"அப்ப நாங்க?"

"ஓடட்டும். ஓடனப்புறம் பாத்துக்கலாம்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசியதில்லை. ஆனால் 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு யாரால் நிம்மதியாக உட்கார முடியும்? அன்று கொட்டகையில் ஒருத்தியும் பாட்டுப் பாடவில்லை. பாப்பாத்திதான் நடுநடுவே அந்த இரும்பைப் பார்த்து, "சக்களத்தி வந்து ஒக்காந்துட்டாளுங்கடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாமுண்டியும் பயந்தாள்தான். ஆனால் அவளுக்குள் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கம். அந்த மெஷின் ஓடிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை மெட்ராஸிலிருந்து தேவநாதன் என்ற மெக்கானிக் வந்தான். முப்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. சிமெண்டு மேடை போட்டு, மெஷினை முடுக்கி, மோட்டாருக்கு ஒயர் இழுத்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த வருஷம் ஊரெல்லாம் கரண்ட் தட்டுப்பாடு. காலையில் பத்து மணிக்கு வந்தால் பன்னிரண்டுக்குப் போய்விடும். மத்தியானம் இரண்டு மணி நேரம் வரும். வராத நாளும் உண்டு.

அடுத்த திங்கட்கிழமை பக்தவச்சலம் பெண்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். "மெஷின்ல எல கொடுக்க ஒரு ஆளு வேணும். கை பழகின ஆளா இருக்கணும். சாமுண்டி, நீ வாம்மா."

சாமுண்டி எழுந்தாள். எழுந்தபோது பக்கத்தில் வேலம்மாள் தன் புடவையைக் கொஞ்சம் இழுத்து அவளுக்கு வழி விட்டாள். மற்றவர்கள் தலை நிமிரவில்லை. பாப்பாத்தி மட்டும், "போடி போ, புது மாமியா கூப்புடறா" என்றாள்.

மெஷினுக்கு முன்னால் ஒரு இரும்பு ஸ்டூல். சாமுண்டி அதில் உட்கார்ந்தாள். கொட்டகையில் அதுவரை ஒரு பெண்ணும் தரையைவிட்டு உயரமான இடத்தில் உட்கார்ந்ததில்லை. தேவநாதன் இலையை எப்படி விரிப்பது, உருளைக்கு நடுவே காம்பை எப்படி வைப்பது என்று காட்டினான். சுவிட்சைப் போட்டான். உருளைகள் சுற்றின. அவள் முதல் இலையைக் கொடுத்தாள்.

இலை கந்தலாக வந்து விழுந்தது. காம்பு ஒரு பக்கம் நழுவ, பிளேடு இலையைக் குறுக்கே அறுத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. தேவநாதன் பிளேடைக் கழற்றித் தீட்டினான். உருளையை நெருக்கினான், தளர்த்தினான். "எல காஞ்சிருக்குது, அதான்" என்று சொல்லி இலைமேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். தெளித்த பிறகு இன்னும் மோசம். இலை நனைந்த துணிபோலச் சுருண்டு உருளையில் சிக்கிக்கொண்டது. பக்தவச்சலம் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார். கைவேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பக்கமிருந்து மெல்ல ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். பதினொன்றரை மணிக்குத் தேவநாதன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, "டீ குடிச்சிட்டு வர்றேன். நிறுத்தாதீங்க, சும்மா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனான். பெண்கள் மூட்டை பிரிக்க முன்பக்கம் போயிருந்தார்கள்.

சாமுண்டி ஸ்டூலை விட்டு இறங்கிப் பின்கதவுப் பக்கம் வந்தாள். அங்கே ஓலை ஒழுகித் தரையில் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. யாரோ ஒரு கட்டு இலையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். காம்பின் அடிமுனைகள் அந்தத் தண்ணீரில் நின்றன. காலையில் கதவு வழியாக மேற்குக் காற்று அடித்ததில் மேலே இலைப் பாகம் மட்டும் உலர்ந்திருந்தது. அவள் ஒன்றை எடுத்தாள். காம்பு கயிறுபோல வளைந்தது. இலை சலவைத் துணிபோல விறைப்பாக நின்றது. விரல் அதைச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இத்தனை நாள் அவர்கள் செய்தது தலைகீழ். உப்பு போட்ட இலை கடல் காற்றில் தானாகவே ஈரம் குடித்துத் துவண்டுபோகிறது. காம்போ உள்ளே குச்சிபோல இறுகி நிற்கிறது. உருளைக்குப் பிடி கிடைக்காமல் நழுவுவது காம்பு. துவண்டு சிக்குவது இலை. ஆகவே காம்பு ஊற வேண்டும். இலை காய வேண்டும்.

அவள் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு இலையைக் கொடுத்தாள். மெஷினின் சத்தமே மாறியது. இதுவரை கடகடவென்று இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது சன்னமாக, ஒரே சீராகப் பேசியது. காம்பு முழுசாக வந்து தட்டில் விழுந்தது. இலை இரண்டு பாதியாகப் பிரிந்து இருபுறமும் இறங்கியது. ஒரு கிழிசல் இல்லை. அவள் இன்னொன்று கொடுத்தாள். இன்னொன்று. கட்டில் இருந்த பதினோரு இலையும் அப்படியே வந்தன. கையால் எடுக்கையில் அதற்குள் மூன்று கூட முடிந்திருக்காது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. முன்பக்கம் பெண்களின் பேச்சு கேட்டது. கையால் மூன்று எடுப்பதற்குள் மெஷினில் பதினோரு இலை. அப்படியென்றால் இருபத்திரண்டு பேருக்கு இங்கே வேலை ஏது?

அவள் பிளந்து விழுந்த இலைப் பாதிகளை வாரி, கையால் எடுத்த இலைக் கூடையின் அடியில் செருகினாள். காம்புகளைக் குப்பையில் கலந்தாள். தேவநாதன் திரும்பி வந்தபோது சாதாரண இலை ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது கிழிந்து விழுந்தது.

"மாறவே இல்லையா?" என்றான் அவன்.

"இல்லங்க."

அந்தப் பொய் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்க் குடத்தை விட்டுவிட்டு வந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. மழைக்காலத்தில் லாரிக்கு உப்பு ஏற்றப் போகும் அவள் புருஷன் தேசப்பன் இதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கேட்டான்.

"இன்னா உனக்கு? கால்ல சக்கரம் கட்டனமாதிரி சுத்தற."

"ஒண்ணுமில்ல. அந்த மெஷின் ஓடுமோ ஓடாதோன்னு."

"ஓடனா உனக்கு ஸ்டூல். ஓடலன்னா பழையபடி தரை. ரெண்டுல எதுவானாலும் உனக்கு வேல இருக்குது. அப்புறம் இன்னாத்துக்குத் தவிக்கிற?"

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவளை இன்னும் குடைந்தது. வேறு யாருக்கும் இல்லாத அந்தச் சௌகரியம் அவளுக்கு மட்டும் இருந்தது.

புதன்கிழமை பக்தவச்சலமும் தேவநாதனும் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பதாம். அதற்குள் வராவிட்டால் மெஷினைக் கழற்றி வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவதாம். மொதலாளியின் முகம் வற்றிப்போயிருந்தது. "கம்பெனிக்கு வாக்கு குடுத்துட்டேன் தேவநாதன். ஊர்ல தலை காட்ட முடியாது" என்றார்.

வெள்ளி வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்படி நினைத்தவுடன் அவள் கண் முன்னால் அந்த மெஷின் லாரியில் ஏறிப் போவது தெரிந்தது. அது சன்னமாகப் பேசியதைக் கேட்டவள் உலகத்தில் தான் ஒருத்தி மட்டும்தான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் வர வேண்டும் என்று ஒரு சமயம் வேண்டிக்கொள்வாள். வரவே கூடாது என்று மறு சமயம்.

வியாழன் மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்து வரப்பில் வேலம்மாளோடு போய் உட்கார்ந்தாள். வேலம்மாளுக்கு நாற்பது இருக்கும். தாலி இழந்து எட்டு வருஷம். வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் வீட்டில். கொட்டகையில் எல்லோரும் சாமுண்டியிடம் முகம் கொடுத்துப் பேசாதபோதும் அவள் ஒருத்திதான் பழையபடி இருந்தாள்.

"அண்ணி, அந்த மெஷின் ஓடாததுக்கு இன்னா காரணம்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டாள். பின்கதவுத் தண்ணீர், மேற்குக் காற்று, பதினோரு இலை, எல்லாவற்றையும். வேலம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தண்ணீர் நின்ற பாத்திகளில் நாரைகள் இரண்டு நடந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள் வேலம்மாள்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. அவருகிட்டகூட இல்ல."

"சொல்லாத. வாயத் தொறந்தா எத்தினி வீட்டு அடுப்பு அணையும்னு தெரியுமில்ல? நாளைக்கு ஒரு நாளு. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு."

சாமுண்டிக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கினாற்போல இருந்தது. அன்று வீட்டில் ஒழுங்காகச் சமைத்தாள். குடமும் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேண்டுமென்றே நேரம் கடத்தினாள். பத்து மணிக்குக் கரண்ட் வரும். பதினொன்றுக்கு மேல் போனால் எல்லாம் முடிந்திருக்கும், தேவநாதன் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருப்பான், தன் கையால் எதுவும் நடக்க வேண்டியிருக்காது. அதற்காக ரோட்டு வழியை விட்டுவிட்டு உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தாள். பாதி வரப்பில் அந்தச் சத்தம் கேட்டது. சன்னமாக. ஒரே சீராக.

அவள் ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை.

கொட்டகையில் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றிருந்தார்கள். பக்தவச்சலம் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தேவநாதன் தட்டில் விழுந்த காம்புகளை எடுத்து எடுத்துப் பார்த்தான். ஸ்டூலில் வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஈரச் சாக்கில் அடியை வைத்து நிறுத்தின இலைக் கட்டுகள். விடிந்ததும் விடியாததுமாக வந்து அவளே எல்லாம் தயார் செய்திருக்கிறாள்.

சாமுண்டி நேராக அவள் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணி."

வேலம்மாள் இலை கொடுப்பதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள். "உன்னால சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது சாமுண்டி. இன்னிக்கு இல்லன்னா அடுத்த மாசம் நீயே போய் சொல்லியிருப்ப. உன் மூஞ்சி சொல்லிச்சி. அப்ப இந்த ஸ்டூலு உனக்கு. எனக்கு? உனக்கு என் தம்பி இருக்கான். எனக்கு ரெண்டு பொண்ணுதான் இருக்குது."

"என்னை வாய மூடச் சொன்னீங்களே."

"ஆமா. சொன்னேன்."

சாமுண்டிக்கு ஆத்திரம் பொங்கியது. இருபத்தோரு பேர் வயிற்றில் அடித்துவிட்டாளே என்று கத்த வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அவள் பார்வை வேலம்மாள் முகத்தில் இல்லை, அந்த ஸ்டூலில் இருந்தது. தான் எதற்காகக் கொதிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் முகம் எரிந்தது.

பக்தவச்சலம் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். "பாத்தீங்க இல்ல? ஓடுது. இனிமே கைவேல கெடையாது. கட்டு எடுத்துக் குடுக்க, சாக்கு நனைக்க, ஒரு ஆறு பேரு இருந்தா போதும். மத்தவங்க நாளையோட நின்னுக்கலாம். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குது. இன்னா பண்றது?"

  மாரியம்மாள் என்ற சின்னப் பெண் ஒருத்தி விசும்பினாள். பொன்னம்மாள் அவள் தோளைத் தட்டினாள்.

சாமுண்டி ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடிந்ததில்லை. குற்ற உணர்ச்சியோ, கோபமோ, நிற்க முடியாத அந்தக் கால்களோ. மூட்டைப் பக்கம் போய்க் கையில் கிடைத்த இலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பெரியதும் சின்னதுமாகக் கலந்த ஒரு கை.

"அண்ணி, இத வுடுங்க."

வேலம்மாள் மொதலாளியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இலைகள் உள்ளே போயின. கந்தலாக வந்து விழுந்தன. ஒரு காம்பு பிளேடுக்கு நடுவே சிக்கிக் கிறீச்சென்றது. தேவநாதன் தாவி மோட்டாரை நிறுத்தினான்.

"ஆறு பேரு போதாது மொதலாளி" என்றாள் சாமுண்டி.   "காலையில மேக்காத்து எட்டு எட்டரை வரைக்கும்தான் அடிக்கும். அதுக்குள்ள அன்னன்னிக்கு ஓட்டற எல மொத்தத்தையும் வெளிய விரிச்சிக் காய வெச்சிப் பொரட்டணும். பெருசு தனி, சிறுசு தனின்னு பிரிக்கணும். காம்ப மட்டும் ஊறப் போடணும், எல நனையக் கூடாது. கடக்காத்து திரும்பறதுக்குள்ள உள்ள அள்ளணும். இந்த மெஷினு ஒரு மணி நேரத்துல திங்கறத ஆறு பேரு ஆறு நாள்ல பதம் பண்ணட்டும், பாக்கலாம்."

பக்தவச்சலம் தேவநாதன் பக்கம் திரும்பினார்.

தேவநாதன் சிக்கிய காம்பை உருவிக்கொண்டே, "அந்தம்மா சொல்றது சரிதாங்க" என்றான். "பதமில்லாத எலய வுட்டா பிளேடு போயிடும். பிளேடு போனா மறுபடி எனக்குத்தான் எழுதணும்."

"அப்ப எத்தினி பேரு வேணும்ன்ற?"

சாமுண்டி மனசுக்குள் வேலையைப் பிரித்துப் பார்த்தாள். கூட்டிச் சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கணக்கில் வந்ததையே சொன்னாள். "பதினாலு பேரு. ஒண்ணு கொறஞ்சாலும் ஆவாது."

 அவர் மெஷினைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே பார்த்தார். "சரி, பதினாலு. வேலம்மா ஸ்டூல்ல. பதினாலு பேரு யாரு யாருன்னு நீயே சொல்லிடு. உனக்குத்தான் இவங்க கை தெரியும்."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த வேலம்மாளை விட்டால் மீதி இருபத்தோரு பேர், அவளையும் சேர்த்து. எல்லாக் கண்களும் அவள்மேல் வந்து நின்றன. மாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பாப்பாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தன் பெயர் வராது என்று அவளுக்கு நிச்சயம். 

"என்னால முடியாது மொதலாளி."

"முடியாதுன்னா நானே சொல்லிடறேன்."

அப்போதுதான் பொன்னம்மாள் முன்னால் வந்தாள். "ஏம்பா மொதலாளி, உனக்கு வேண்டியது பதினாலு பேரு. எந்தப் பதினாலுன்னு உனக்கு இன்னா? நாங்க ஏழேழு பேரா மூணு கட்டாப் பிரிஞ்சிக்கறோம். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு வேலைக்கு வரும், ஒரு கட்டு வீட்ல இருக்கும். மூணு நாளைக்கு ரெண்டு நாளு கூலி. பாதி வயிறுக்கு மேலயே ரொம்பும். யாரும் பட்டினி கெடக்க வேணாம்."

பக்தவச்சலம் தாடையைச் சொறிந்தார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மேலும், மெஷின் ஓடிய சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது. "வேல கெடக் கூடாது" என்றார். "கெடாது" என்றாள் பொன்னம்மாள். அவ்வளவுதான்.

முறை வந்தது. முதல் இரண்டு வாரம் கட்டுக்குள்ளே சச்சரவு, யார் சாக்கு நனைப்பது, யார் வெயிலில் நின்று புரட்டுவது என்று. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் இலை காயாமல் மெஷின் சும்மா நின்றது. அப்போது எல்லோரும் உட்கார்ந்து பழையபடி கையால் எடுத்தார்கள். பாப்பாத்தி சாமுண்டியிடம் பேச ஆரம்பித்தாள். சாமுண்டியும் வேலம்மாளும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கொட்டகை, பத்தடி தூரம். தேசப்பன் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு வீட்டிலும் பேச்சு வாங்கினான்.

முறை இல்லாத நாள்தான் சாமுண்டிக்குக் கஷ்டம். வீட்டில் இருப்புக் கொள்ளாது. மெஷின் சத்தம் வடக்குக் காற்றில் தெருக்கோடி வரை கேட்கும். இப்போது இலைக் கட்டு மாற்றுகிறார்கள், இப்போது சின்ன இலை ஓடுகிறது என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்ச் சத்தம் அடங்கினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கார்த்திகை மாசம் ஒரு நாள் சாயங்காலம் வேலம்மாள் வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"பெரியவளப் பாக்கக் கிளியனூர்லேர்ந்து நாளைக்கு வர்றாங்க. நான் வீட்ல இருக்கணும். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். உன் மொற நாளைக்கு இல்ல. நீ ஸ்டூல்ல ஒக்காந்துக்கறியா?"

"சரி" என்றாள் சாமுண்டி. வேலம்மாள் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னதற்காகத் தன் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. அவள் கொடுக்கக் கொடுக்க மெஷின் வாங்கிக்கொண்டே இருந்தது. பத்துப் பதினைந்து இலைக்குள் கைக்கும் அதற்கும் ஒரு தாளம் கூடிவிட்டது. பெரிய இலைக்குக் கொஞ்சம் நிதானம், சின்னதுக்கு வேகம். ஒன்றுகூடக் கிழியவில்லை. பின்னாலிருந்து பாப்பாத்தி, "அம்மாடி, இவ கைய மெஷினே பாத்துக் கத்துக்கணும்டி" என்றாள். அதில் குத்தல் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் நின்றது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சாமுண்டி கையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானக் கரண்ட் இன்னும் வரவில்லையே என்று கால் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு வேலம்மாள் வந்துவிடுவாள். தனக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எல்லா வேலைக்கும் முறை உண்டு, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் நேரே வேலம்மாள் வீட்டுக்குப் போனாள். பெண் பார்த்தவர்கள் போயாகிவிட்டது. பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். வேலம்மாள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு.

"அண்ணி, ஸ்டூலையும் மொறையில சேக்கச் சொல்லி மொதலாளியக் கேக்கப் போறேன். கட்டுக்கு ஒருத்தரு கத்துக்கட்டும். உங்களுக்கு அதுல நாளு கொறையும். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கேக்கணும்னு வந்தேன்."

வேலம்மாளின் முகம் மாறியது. முறத்தில் இருந்த அரிசியைக் கையால் அளைந்தாள். 

"நான் உன்கிட்ட சொல்லாம போனதக் குத்திக் காட்டறியா?"

"ஆமா."

"கொறஞ்சது ஒரு வருசமாவது நான் ஒக்காந்திருக்கலாம்னு நெனச்சேன். கல்யாணம் வருது."

"உங்க நாளு கொறைஞ்சா எங்க கட்டுல வந்து பதம் போடுங்க. யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

வேலம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கேளு" என்றாள். "நானா போய்ச் சொல்ல மாட்டேன். நீ கேட்டா, வேணாம்னும் சொல்ல மாட்டேன்." பிறகு உள்ளே பார்த்து, "அத்தைக்கு ஒரு வாய் பாயசம் கொண்டாடி" என்றாள்.

பக்தவச்சலம் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுச் சம்மதித்தார். கட்டுக்கு ஒருத்தியாக சாமுண்டி, மாரியம்மாள், எல்லோரும் ஆச்சரியப்படும்படி பாப்பாத்தி. வேலம்மாளோடு நான்கு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். பாப்பாத்தி முதல் நாளே ஒரு பிளேடை உடைத்தாள். தேவநாதன் மெட்ராஸிலிருந்து வந்து அதை மாற்றும் வரை நான்கு நாள் எல்லோருக்கும் கைவேலை. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

தை பிறந்து உப்பளம் திறந்ததும் பதினாறு பேர் பாத்திக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் ஆறு பேர்தான் மிச்சம். மழை விட்டு இலை சீக்கிரம் காய, அதுவே போதுமாயிற்று. மொதலாளி முதலில் கேட்ட அதே ஆறு. சாமுண்டி அதில் ஒருத்தி. வேலம்மாள் உப்பு வாரப் போனாள், கல்யாணச் செலவு இருக்கிறது, அங்கே கூலி கூடுதல் என்று. போகிற வழியில் காலையில் கொட்டகை வாசலில் நின்று, விரித்துப் போட்ட இலையைக் காலால் தள்ளிப் பார்த்து, "இது இன்னும் காயணும்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள். சாமுண்டி குனிந்து தொட்டுப் பார்ப்பாள். சில நாள் அவள் சொல்வது சரியாக இருக்கும். சில நாள் இருக்காது.